சீன டொக்டர் பார்த்த பீங்கான்

1937ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கொழும்பு கொட்டாஞ்சேனையில் பல் பிடுங்கப் போன இடத்தில்தான் ஸ்ரீஸ்கந்தராசா தன்னுடைய சீன நிபுணரைக் கண்டுபிடித்தார்.

அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் சொந்த வீடு. பிள்ளைகள் இருவரும் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். வீட்டில் அவரும் மனைவி இரத்தினம்மாவும், நாற்பத்தொரு பச்சைப் பீங்கான்களும் இருந்தார்கள்.

பீங்கான் ஆசை அவருக்குத் தானாக வந்ததல்ல. கந்தோரின் தலைவர் ஹார்க்கோட் துரை பழைய சீனப் பச்சைப் பீங்கான் சேர்ப்பவர். செலடன் என்று அதற்கு இங்கிலீசில் பெயர். வாழையிலையின் பச்சையுமில்லை, மாங்காயின் பச்சையுமில்லை. மழை ஓய்ந்த பிறகு குளத்துத் தண்ணீர் இருக்கும் நிறம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் துரை தன் அறையிலிருந்த அலுமாரியைத் திறப்பதற்காக, கையிலிருந்த கிண்ணமொன்றை ஸ்ரீஸ்கந்தராசாவிடம் நீட்டி, கவனமாகப் பிடிக்கச் சொன்னார். சாவி மாறிப்போனதால் நாலு நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பதினாறு வருடச் சேவையில் துரை கந்தோர்க் கோப்புகளைத் தவிர வேறெதையும் அவர் கையில் தந்ததில்லை. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, “இது நன்றாகப் பிடிக்கத் தெரிந்த கை” என்று துரை சொன்னார்.

அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா நூலகத்திலிருந்து தடித்த புத்தகங்களை எடுத்து வந்து படித்தார். வம்சங்களின் பெயர்களை மனப்பாடம் செய்தார். கொட்டாஞ்சேனையில் பழைய மணிக்கூடு, தொங்குவிளக்கு, ஒல்லாந்தர் காலத்துக் கதிரை விற்கும் பௌஸியின் கடைக்குச் சனிக்கிழமைதோறும் போய் வந்தார். ஆறு மாதத்தில் துரை நடத்தும் பீங்கான் வட்டத்தில் கௌரவக் காரியதரிசியானார். மாதமொருமுறை, பெரிய மனிதர் குடியிருக்கும் கறுவாத்தோட்டத்தில் பங்களா ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடித் தேநீர் குடித்து, ஒருவருடைய கிண்ணத்தை மற்றவர் தூக்கிப் பார்க்கும் சங்கம் அது. கூட்டக் குறிப்பு எழுத ஒருவர் வேண்டும் என்பதால் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதை அவர் அங்கீகாரமாக எடுத்துக்கொண்டார்.

இரத்தினம்மாவின் சேலைகள் கண்ணாடி அலுமாரியிலிருந்து தகரப் பெட்டிக்குப் போயின. அலுமாரிக்குப் பீங்கான்கள் வந்தன. அவள் அதற்கு இடம் விட்டாள். தூசி தட்ட மட்டும் மறுத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கடைவாய்ப் பல் வலி தாங்க முடியவில்லை. பௌஸியிடம் வாங்கிய கிண்ணத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, நாலு கடை தள்ளியிருந்த சீனப் பல் டொக்டரிடம் போனார். டொக்டரின் பெயர் லிம். பினாங்கில் பிறந்து, பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையிலேயே இருபது வருடம் பல் பிடுங்கியவர். வீட்டில் பேசியது ஒரு சீனப் பேச்சு, தெருவில் பேசியது மலாய், இங்கே வந்து பழகியது தமிழும் கொஞ்சம் சிங்களமும். மெலிந்த மனிதர், வெள்ளைக் கோட்டு, கழுத்துப்பட்டி, எந்நேரமும் கையில் நுனி வளைந்த ஊசி.

கதிரையில் சாய்ந்த பிறகும் ஸ்ரீஸ்கந்தராசா கிண்ணத்தை மடியை விட்டு இறக்கவில்லை. வாயில் பஞ்சு வைத்த பின்னர் லிம் அதை மெதுவாக வாங்கினார். கடதாசி விலகியிருந்தது. ஊசி கையில் இருந்ததால், பல்லைத் தட்டும் பழக்கத்தில் கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கவிழ்த்து இன்னொரு தட்டு.

“அடியிலே உள்ளுக்கு ஒரு கீறல் ஓடுது ஐயா” என்றார். “தண்ணி விட்டா கசியும்.”

வாய் நிறையப் பஞ்சோடு ஸ்ரீஸ்கந்தராசா ஏதோ சொன்னார். லிம் அதை வலி என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கினார்.

வீட்டுக்குப் போனதும் ஸ்ரீஸ்கந்தராசா கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தார். கால் மணித்தியாலத்தில் மேசைவிரிப்பில் ஈர வட்டம் விழுந்தது. வெடித்த கிண்ணத்தை வாங்கிவிட்டோமே என்று வேறொருவர் கவலைப்பட்டிருப்பார். ஸ்ரீஸ்கந்தராசா கவலைப்படவில்லை. கண்ணால் பார்க்காமல், காதால் கேட்டே பீங்கானின் உள்ளே இருப்பதைச் சொல்லும் சீனர் ஒருவர், ரிக்ஷாவில் போகக்கூடிய தூரத்தில், யாருக்கும் தெரியாமல் இருக்கிறார். வட்டத்தில் இதுவரை எவரிடமும் இல்லாதது அது.

மறுவாரம் அவர் மூன்று பீங்கான்களோடு போனார். இவற்றின் காலம் என்ன, எந்தச் சூளையில் சுட்டவை என்று கேட்டார்.

“எனக்கு இது ஒண்டும் தெரியா ஐயா” என்றார் லிம். “நான் பல்லு பாக்கிற ஆள். சீனாவைக் கண்ணாலே கண்டதில்லை. எங்கட வீட்டிலே எனாமல் கோப்பையிலேதான் சாப்பாடு.”

இதைக் கேட்டதும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு மெய்சிலிர்த்தது. உண்மையான சீன ரசிகன் தன் அறிவை ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டான் என்று அவர் படித்த புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகத்தை எழுதியவரும் ஓர் இங்கிலீசுக்காரர்.

அடுத்த கூட்டத்துக்கு லிம்மை அழைத்து வருவதாகத் துரையிடம் வாக்குக் கொடுத்தார். லிம் எங்கே பிறந்தவர் என்று துரை கேட்டதற்கு, பரம்பரையாகச் சூளைகள் இருந்த ஊர் என்று பதில் சொன்னார். லிம்மின் பாட்டனாருக்குப் பாட்டன் எங்கேயோ ஓர் ஊரிலிருந்து வந்திருக்கத்தான் வேண்டும். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு சூளை இருந்திருக்கவும் கூடும். அது பொய்யாக அவருக்குப் படவில்லை.

லிம் முதலில் மறுத்தார். பிறகு கறுவாத்தோட்டத்துக்காரர்களுக்கும் பல் இருக்கும்தானே என்று யோசித்து ஒத்துக்கொண்டார். சீன உடுப்பில் வரவேண்டும் என்று ஸ்ரீஸ்கந்தராசா கேட்டுக்கொண்டார். லிம்மிடம் அப்படியொன்று இல்லை. சைக்கிளில் பட்டுத்துணி கொண்டுபோய் விற்கும் சீனர் ஒருவரிடம் நீலச் சட்டை ஒன்றை இரவல் வாங்கினார். அந்தத் துணிக்காரர் லிம்மைவிட ஒரு முழம் உயரம். சட்டைக்கை விரல்களையும் மூடிக்கொண்டு தொங்கியது. பங்களாவில் இருந்த துரைசானிமார் அதைப் பார்த்து மிகவும் பரவசப்பட்டார்கள்.

லிம்முக்கு இங்கிலீசு நாலைந்து சொல்தான் வரும். ஆகவே லிம் தமிழில் சொல்ல, ஸ்ரீஸ்கந்தராசா இங்கிலீசில் சொல்வது என்று ஏற்பாடு. வட்டத்தில் வேறு எவருக்கும் தமிழ் தெரியாது.

முதலாவது கிண்ணத்தை லிம் தூக்கிப் பார்த்து, “வடிவா இருக்கு” என்றார். இதன் அமைதியைப் பற்றிப் பேசுவதே அதை அவமதிப்பதாகும் என்று மிஸ்டர் லிம் கருதுகிறார் என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. இரண்டாவதை லிம் விரலால் தடவி, இதில் சோறு போட்டுச் சாப்பிட்டால் கழுவுவது சுகம் என்றார். பூச்சின் மென்மையைப் பார்க்கும்போது அரசவைக்கென்றே சுட்டதாக இருக்க வேண்டும், தெற்குச் சொங் வம்சத்துக் காலம், என்று மொழிபெயர்ப்பு வந்தது. மூன்றாவது சாடியின் அடியில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. கிழவர்களுடைய பல் இப்படித்தான் இருக்கும் என்றார் லிம். இந்த ஒன்றை மட்டும் ஸ்ரீஸ்கந்தராசா உள்ளபடியே சொன்னார், மேலதிகமாக எதுவும் தோன்றாததால். வட்டத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போனது அதுதான். அதன்பிறகு கொழும்பில் பீங்கான் சேர்ப்பவர்கள் ‘முதுபல் நிறம்’ என்று ஒரு நிறத்தைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்கள்.

ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் இப்படிப் போயிற்று. லிம்மிடம் கறுவாத்தோட்டத்து வாய்கள் மெய்யாகவே வரத் தொடங்கின. பௌஸியும் சும்மா இருக்கவில்லை. லிம் காலையில் கடையைத் தாண்டிப் போகும்போது ஏதாவதொரு பீங்கானை நீட்டி, “டொக்டர், இதக் கொஞ்சம் பாருங்க” என்பார். லிம் பார்ப்பார். போவார். பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் பௌஸி சொல்வார், “நம்மட சீன டொக்டர் பாத்த சாமான் இது. நான் பொய் சொல்ற ஆளில்ல.” அது பொய்யும் இல்லை.

இப்படிப் பார்க்கப்பட்ட சாடி ஒன்றை ஸ்ரீஸ்கந்தராசாவே வாங்கினார். குளியலறைக்கு ஓடு மாற்ற இரத்தினம்மா சேர்த்து வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. டொக்டர் என்ன சொன்னார் என்று அவர் பௌஸியிடம் கேட்கவில்லை. டொக்டர் சொல்வதெல்லாம் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதை அவர் அதற்குள் மறந்துபோயிருந்தார். தான் மொழிபெயர்த்ததைத் தானே நம்பத் தொடங்கியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிம்மை வெள்ளவத்தைக்குச் சாப்பிட அழைத்தார். இரத்தினம்மா புட்டும் நண்டுக் கறியும் வைத்தாள். லிம் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார். கணவர் அலுமாரிச் சாவி எடுக்க உள்ளே போன நேரத்தில், இந்தச் சாமான்களைப் பற்றி உங்களுக்கு உண்மையில் என்ன தெரியும் என்று இரத்தினம்மா கேட்டாள். ஒன்றும் தெரியாது, ஐயாவிடமும் பலமுறை சொல்லிவிட்டேன் என்றார் லிம். அவளுக்கு முன்பல் ஒன்று ஆடுவதைப் பார்த்துவிட்டு, கிராம்புத் தைலம் பூசச் சொன்னார்.

அன்று பின்னேரம் அவள் கணவரிடம் கேட்டாள்.

“அந்த மனிசன் தனக்குத் தெரியாது எண்டெல்லோ சொல்லுது. நீங்கள் ஏன் அதைக் காதிலை விழுத்திறியளில்லை?”

“உனக்கு விளங்காது இரத்தினம். அது சீனப் பண்பாடு.”

“தெரியாது எண்டிறதுக்குத் தெரியாது எண்டு கருத்து எடுக்கிற பண்பாடு அங்கை இல்லையோ?”

அவர் அலுமாரியைப் பூட்டினார்.

புரட்டாதியில் வட்டம் ஒரு கண்காட்சி நடத்தியது. நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், கறுப்பு வெல்வெற்றின் மேல், ஹார்க்கோட் துரையின் பெரிய தட்டம் இருந்தது. நடுவில் இரண்டு மீன்கள் ஒன்றையொன்று துரத்துவதுபோலப் புடைத்து நிற்கும். துரை இலண்டன் சஞ்சிகையொன்றில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார். அதில் மிஸ்டர் லிம்மின் பெயர் ஏழு இடத்தில் வந்தது. கண்காட்சியைத் தொடக்கிவைத்த பிறகு, மிஸ்டர் லிம் இந்தத் தட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார் என்று துரையே அறிவித்தார்.

லிம் நீளச் சட்டைக்கையை மேலே சுருட்டினார். தட்டத்தைத் தொட்டார். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். திரும்பவும் ஓட்டினார். சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்து அந்த இடத்தில் தட்டினார்; பக்கத்தில் தட்டினார்; திரும்பவும் அந்த இடத்தில். முதன்முறையாக அவருடைய முகத்தில் உண்மையான அக்கறை தெரிந்தது.

“இந்த விளிம்பிலே இரண்டு விரல் அளவு பீங்கான் இல்லை ஐயா. சிமெந்து. பல்லுக்கு அடைக்கிற சிங்க் சிமெந்து. மேலே பச்சை பூசியிருக்கு. வைச்சு ஒரு வருசம் இருக்கும். வேலை செய்த ஆள் கெட்டிக்காரன், ஆனா நிறம் சரியா வரல்லே.”

மண்டபம் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா வாயைத் திறக்க முன்னரே ஹார்க்கோட் துரை, சிமெந்தைப் பற்றி அவர் என்னவோ சொன்னாரே, என்ன அது, என்று கேட்டார். தமிழில் அந்தப் பொருளுக்கு வேறு சொல் இல்லாமல் போனதை ஸ்ரீஸ்கந்தராசா அந்தக் கணத்தில் மிகவும் நொந்துகொண்டார்.

துரையின் முகத்தைப் பார்த்தார். கழுத்துப்பட்டிக்கு மேலே அது மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. ஆச்சரியப்படுகிற மனிதனின் முகம் அல்ல அது. பதினெட்டு வருடம் துரைமாரின் முகத்தைப் பார்த்தே வேலை செய்த கிளாக்கருக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

எழுநூறு வருட காலம் இந்தப் பூச்சைச் சிமெந்துபோல இறுக்கியிருக்கிறது என்று மிஸ்டர் லிம் வியக்கிறார் என்றார். இதைச் செய்தவன் மகா கெட்டிக்காரனாம்.

எல்லோரும் கைதட்டினார்கள். துரையும் கைதட்டினார், சற்றுப் பிந்தி.

திரும்பி வரும் வழியில் லிம் மருதானை தாண்டிய பிறகு கேட்டார்.

“நான் சொன்னது நீங்க சொல்லல்லே ஐயா. அவங்க ஏன் கைதட்டினது?”

“டொக்டர், சில இடத்திலை சிலதைச் சொல்லக்கூடாது. நீங்கள் பல்லுப் பிடுங்கேக்கை நோகாது எண்டு சொல்லுறேல்லையோ, அது மாதிரி.”

“நான் ஒருநாளும் அப்பிடிச் சொல்றதில்லை” என்றார் லிம். “நோகும் எண்டுதான் சொல்றது.”

மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஹார்க்கோட் துரையின் கார் கொட்டாஞ்சேனையில் வந்து நின்றது. துரை தனியாக வந்திருந்தார். கையில் துவாயில் சுற்றிய தட்டம். போன வருடம் அதைத் தானே கழுவப்போய்க் குழாயில் மோதிவிட்டார். கிளப்பில் பழகிய பல் வைத்தியர் ஒருவர் இரகசியமாக அடைத்துக் கொடுத்தார். துரையின் மனைவிக்குக்கூட அது தெரியாது.

துரைக்குத் தமிழ் வராது, லிம்முக்கு இங்கிலீசு வராது. சிறிது நேரம் கையைக் காலை ஆட்டிப் பார்த்தார்கள். துரைக்குப் பொறுமை போய், தனக்குள்ளே ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்தார். அது மலாய் வார்த்தை. இலங்கைக்கு வர முன்னர் பத்து வருடம் பினாங்குப் பக்கம் வேலை பார்த்தவர் அவர்.

லிம்முக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வார்த்தையை அவர் கேட்டு இருபது வருடம்.

பிறகு இருவரும் மலாயில் கதைத்தார்கள். லிம் பழைய சிமெந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்தார். கண்ணாடித் துண்டின்மேல் நிறத்தைக் குழைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, அழித்து, மூன்றாம் தடவை சரியாகக் கொண்டுவந்தார். துரை நோயாளியின் கதிரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது போவதற்காக, மற்றப் பீங்கான்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லும்படி கேட்டார். தான் எதைப் பற்றியும் ஒன்றும் சொன்னதில்லை என்றார் லிம். அரசவைச் சூளை? தெரியாது. தெற்குச் சொங்? அது யார் என்று லிம் திருப்பிக் கேட்டார். கழுவச் சுகம் என்றும், வடிவு என்றும், கிழவர்களின் பல் மாதிரி என்றும் சொன்னதை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொன்னார்.

துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு இலண்டன் சஞ்சிகை ஞாபகத்துக்கு வந்தது. லிம்மின் சொல்லை நம்பித் தான் வாங்கிய பதினெட்டுப் பொருளும் ஞாபகத்துக்கு வந்தன. சிரிப்பை நிறுத்திவிட்டுத் தட்டத்தைத் துவாயில் சுற்றினார்.

அடுத்த மாதக் கூட்டம் வழக்கம்போல நடந்தது. லிம் ஒரு குவளையைப் பார்த்து, கைபிடி இருந்தால் நல்லது என்றார். கைபிடியற்ற அதன் வடிவம் துறவின் அடையாளம் என்று ஸ்ரீஸ்கந்தராசா மொழிபெயர்த்தார். துரை கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அதே வாரம் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு உத்தியோக உயர்வுக் கடிதம் வந்தது. மன்னாரில் திறக்கப்போகும் கிளைக் கந்தோருக்கு அவரே பொறுப்பு.

அவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனார். இரத்தினம்மாவிடம் சொல்ல முன்னரே லிம்மிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. லிம் கடிதத்தைப் பார்த்துவிட்டு, சந்தோஷம் என்றார். பிறகு, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று தன்னை யாரும் கேட்காததால், நடந்ததைச் சொன்னார்.

“உங்கட துரை இஞ்சே வந்தவர் ஐயா. போன மாசம். மலாய் நல்லாக் கதைக்கிறார். எல்லாம் கேட்டவர், நான் எல்லாம் சொன்னது.”

“என்னத்தைச் சொன்னீங்கள்?”

“உங்களுக்குச் சொன்னதைத்தான்.”

ஸ்ரீஸ்கந்தராசா கதிரையில் உட்கார்ந்தார். துரையின் சேவைப் பதிவேட்டைத் தன் கையாலேயே எத்தனை தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பினாங்கு என்று முதற் பக்கத்திலேயே இருக்கிறது. மலாய்ப் பரீட்சையில் சித்தியடைந்தவர் என்று அதற்குக் கீழே இருக்கிறது.

“கேட்டுப்போட்டு என்ன செய்தவர்?”

“சிரிச்சவர். பிறகு சிரிக்கல்லே.”

கோட்டையில் ரயில் ஏறிய ஸ்ரீஸ்கந்தராசா, உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தார். உயர்வு என்று நினைத்தது, கொழும்பிலிருந்து நாடுகடத்தல். கூட்டத்தில் துரை கண்ணை மூடித் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. கொள்ளுப்பிட்டி வரை அவரால் கடலைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பம்பலப்பிட்டியில் ரயில் சற்று நேரம் நின்றது. அந்தத் தலையாட்டலை அவர் திரும்பவும் நினைத்துப் பார்த்தார். துரைக்கு எல்லாம் தெரிந்த பிறகு நடந்த கூட்டம் அது. தெரிந்துகொண்டே, பத்துப் பேர் முன்னிலையில், துறவின் அடையாளம் என்பதற்குத் தலையாட்டியிருக்கிறார். தான் சொன்ன பொய்யைத் துரை காப்பாற்றியிருக்கிறார். அதற்கு முன்னால் துரையின் பொய்யைத் தான் காப்பாற்றியிருக்கிறார். பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக, தானும் துரையும் ஒரே மட்டத்தில் நிற்பதாக அவருக்குத் தோன்றியது. அது அவமானமாக இருந்தது. ஆனால் அவமானம் மட்டுமாக இருக்கவில்லை. வெள்ளவத்தையில் இறங்கும்போது அவர் நேராகவே நடந்தார்.

வீட்டில் இரத்தினம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் கிண்ணம் வைத்துப் பல் பிடுங்கிய நாளிலிருந்து ஒன்றும் விடாமல் சொன்னார். குளியலறைப் பணத்தில் வாங்கிய சாடியைப் பற்றியும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே மீனை வெட்டி முடித்தாள். எல்லாம் முடிந்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு கேட்டாள்.

“மன்னாரிலை தண்ணி எப்பிடியாம்?”

“உவர் எண்டு சொல்லுகினம்.”

“அப்ப தண்ணி வடிக்கிற அந்த மண் வடியையும் கொண்டுபோக வேணும்” என்றாள். பிறகு இரண்டு நாள் அவரோடு எதைப் பற்றியும் பேசவில்லை.

பீங்கான்களைப் பொதி செய்ய வேண்டியிருக்கவில்லை. காரியதரிசி மாறிப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் வட்டத்தவர்கள் ஒவ்வொருவராக வெள்ளவத்தைக்கு வந்தார்கள். லிம்மின் கண் பட்டுப் பட்டுத் தேறிய சேகரிப்பு என்று அவர்களுக்குள் போட்டி. ஸ்ரீஸ்கந்தராசா எதையும் உயர்த்திச் சொல்லவில்லை. இவற்றைப் பற்றித் தனக்கு நிச்சயமாக எதுவும் தெரியாது என்றே எல்லோரிடமும் சொன்னார். அவர்கள் இன்னும் அவசரப்பட்டு வாங்கினார்கள். பல் பிடுங்கிய நாளில் வாங்கிய, கசியும் கிண்ணத்தை மட்டும் அவர் கொடுக்கவில்லை, கேட்டவர் இருந்தும்.

லிம் அதன்பிறகு வட்டத்துக்குப் போகவில்லை. நீலச் சட்டையைத் தோய்த்து, மடித்து, துணிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பீங்கான் பார்க்கப்படமாட்டாது என்று மூன்று மொழியில் ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டார். அது அவருடைய கீர்த்தியை இரண்டு மடங்காக்கியது. ஒருமுறை இரத்மலானைப் பக்கமிருந்து தென்னந்தோட்டக்காரச் சீமாட்டி ஒருத்தி தட்டமொன்றை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்து, பல்லுப் பிடுங்க வேண்டும் என்றாள். எந்தப் பல் என்று லிம் கேட்டார். டொக்டருக்கு விருப்பமானதை என்றாள் அவள். லிம் வாயைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பல் வரை கவனமாகப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். அவள் தட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மிகுந்த திருப்தியோடு எழுந்து போனாள்.

மன்னாரில் ஸ்ரீஸ்கந்தராசாவின் கந்தோர் இரண்டு அறை. உப்புக்காற்றில் கோப்புகளின் ஓரம் சுருண்டது. தை மாதம் வட்டத்தின் கூட்டக் குறிப்பு ஒன்று தபாலில் வந்தது, முன்னாள் காரியதரிசி என்ற மரியாதைக்காக. மிஸ்டர் லிம் உடல்நலம் காரணமாக வர முடியாத நிலையில், அவருடைய கருத்துகளைத் தலைவர் ஹார்க்கோட் நேரில் கேட்டறிந்து, மலாயிலிருந்து மொழிபெயர்த்துச் சபைக்கு வழங்கினார் என்று அதில் இருந்தது. அந்தக் கருத்துகள் இரண்டு பக்கம். நிலவு, மூங்கில், தனிமை எல்லாம் வந்தன.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் அதை இரத்தினம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்.

“டொக்டர் உப்பிடியெல்லாம் சொல்லியிருப்பாரோ?” என்றாள் அவள்.

“டொக்டரை ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம். ஆனா மனிசன் எழுதின இங்கிலீசு நல்ல திறம்.”

சாப்பிட்ட பிறகு துரைக்கு ஒரு பதில் எழுதினார். மொழிபெயர்ப்பின் நுட்பத்தைத் தான் மிகவும் மெச்சுவதாகவும், இதைவிடச் சரியாக மிஸ்டர் லிம்மின் உள்ளத்தை எவராலும் வெளிப்படுத்த முடியாது என்றும் எழுதினார். கடைசியில், தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று வழக்கமாகப் போடும் வசனத்தைப் போட்டார். ஆயிரக்கணக்கான கடிதங்களில் எழுதிய வசனம். அன்றைக்கு அதை எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. மை காயும் வரை கடிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, தபால் போக முன்னர் கொடுக்க வேண்டும் என்று வெயிலில் இறங்கி நடந்தார்.